வார் வைத்த கறுப்பு ஷூ எப்படிப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதானது?

முதல் வகுப்பில் சேரப்போகும் மகளுக்குப் பள்ளி நிர்வாகம் சொன்னபடி வார் வைத்த கறுப்பு ஷூ வாங்கப் போயிருக்கிறீர்கள். கடைக்காரர் அதை 'மேரி ஜேன்' என்று சொல்லி எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த மேரி ஜேன் யார், சின்னக் குழந்தைகளின் ஷூவை இப்போது கல்லூரிப் பெண்கள்கூட ஏன் தேடி வாங்குகிறார்கள் என்பது உங்கள் முதல் கேள்வி. அக்காவின் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடக்கும் நான்கு வயது மகனை "அது பொம்பளப் புள்ள ஷூடா" என்று பாட்டி அதட்டுகிறாரே, அவர் சொல்வது சரியா என்பது இரண்டாவது கேள்வி. ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் ஏற்றுமதித் தொழிற்சாலையில், சிறுவர் காலணிகளுக்கு மாதிரி வெட்டும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இந்த ஒரு வடிவத்தை மட்டும் எத்தனை அளவுகளில், எத்தனை விதமாக வெட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஷூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் உருண்டையாக இருக்கும். குதிகால் உயரம் மிகக் குறைவு. மேல்வாய் அகலமாகத் திறந்து, புறங்காலின் பெரும்பகுதி வெளியே தெரியும். அந்தத் திறப்பின் குறுக்கே ஒற்றை வார் போய் மறுபக்கம் பக்கிளில் மாட்டும். வார் எப்போதும் காலின் உட்பக்கத்தில் தைக்கப்பட்டு, பக்கிள் வெளிப்பக்கம் அமைந்திருக்கும். குழந்தை ஓடும்போது இரு கால்களும் உரசினால் பக்கிளோடு பக்கிள் சிக்கிக் கீழே விழ நேரும் என்பதுதான் இதற்குக் காரணம். நல்ல ஷூவாக இருந்தால் வாரின் தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவில் மெல்லிய நைலான் நாடா ஒன்றை வைத்துத் தைத்திருப்பார்கள். அது இல்லாத வார் மூன்றே மாதத்தில் இழுபட்டு நீண்டுவிடும். பிறகு எத்தனை துளை போட்டு இறுக்கினாலும் கால் உள்ளே வழுக்கிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த வார் ஏன் தேவைப்பட்டது என்பது புரிந்தால்தான் மற்ற வரலாறு புரியும். குழந்தையின் பாதம் பெரியவர்களின் பாதத்தைச் சிறிதாக்கி வைத்தது போன்றதன்று. விரல்கள் இருக்கும் முன்பகுதி அகன்றும், குதிகால் ஒடுங்கியும், புறங்கால் சதைப்பற்றோடு மேடாகவும் இருக்கும். வாரோ கயிறோ இல்லாமல் காலை நுழைத்துப் போடும் தாழ்ந்த ஷூ, குதிகாலையும் விரல் நுனியையும் இரு முனைகளில் இறுக்கிப் பிடித்தால்தான் காலில் நிற்கும். வளரும் காலுக்கு அந்த இறுக்கமே கேடு. குறுக்கே ஒரு வார் இருந்தால், காலைப் பிடிக்கும் வேலையை வார் ஏற்றுக்கொள்கிறது. விரல்களுக்கு முன்னால் இடம் விட்டு வெட்ட முடிகிறது. கயிறு கட்டத் தெரியாத வயதில் குழந்தை தானே மாட்டிக் கழற்றவும் முடிகிறது. ஆகவே அந்த வார் அழகுக்காக வந்ததன்று. அதற்கு ஒரு வேலை இருந்தது. வேலைக்காக வந்த பொருள் ஆண், பெண் என்று பார்த்து வருவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய, அமெரிக்கக் குழந்தைகளின் படங்களைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கணுக்காலையொட்டி ஒரு வாரும், அதை மாட்ட ஒரு சிறு பொத்தானும் உள்ள தட்டையான காலணியை ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் ஒன்றுபோல அணிந்திருப்பார்கள். அக்காலத்தில் அங்கே நான்கைந்து வயதுவரை, சில வீடுகளில் அதற்கும் மேல், ஆண் குழந்தைகளுக்கும் கவுன்தான் உடை; முதல்முறையாகக் கால்சட்டை மாட்டுவதை வீட்டில் ஒரு சடங்குபோலவே கொண்டாடினார்கள். உடையிலேயே வேறுபாடு இல்லாதபோது ஷூவில் எங்கிருந்து வரும்?

அப்போது இந்த ஷூவுக்கு மேரி ஜேன் என்ற பெயர் கிடையாது. இங்கிலாந்தில் 'பார் ஷூ' என்றே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஸ்பெயினில் இது மெர்செதீத்தாஸ், அர்ஜென்டினாவில் கிஜெர்மினாஸ். மேரி ஜேன் என்பது அமெரிக்கப் பெயர். அதுவும் ஒரு படக்கதையிலிருந்து வந்தது. ரிச்சர்ட் அவுட்கால்ட் என்ற ஓவியர் 1902-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் ஹெரால்ட் நாளிதழில் 'பஸ்டர் பிரவுன்' என்ற தொடரைத் தொடங்கினார். பணக்கார வீட்டுச் சிறுவன் பஸ்டர்; நெற்றியில் வெட்டிவிட்ட முடி, அகலக் கழுத்துப்பட்டை, வட்டத் தொப்பி, காலில் வார் வைத்த ஷூ. ஒவ்வொரு வாரமும் ஏதாவது குறும்பு செய்து அடி வாங்கிவிட்டு, கடைசிக் கட்டத்தில் 'இனிமேல் இப்படிச் செய்வதில்லை' என்று உறுதிமொழி எழுதுவான். கூடவே டைக் என்ற நாயும், மேரி ஜேன் என்ற சிறுமியும். அவுட்கால்ட்டின் மகள் பெயரும் மேரி ஜேன்தான்.

1904-இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அவுட்கால்ட் வந்து, தம் பாத்திரங்களின் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பல நிறுவனங்களுக்கு விற்றார். அவற்றில் ஒன்று அதே ஊரைச் சேர்ந்த பிரவுன் ஷூ கம்பெனி. 1878-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்துக்கும் கதைச் சிறுவனுக்கும் 'பிரவுன்' என்ற பெயர் பொருந்தியது தற்செயல்தான். ஆனால் அந்தப் பொருத்தத்தை அவர்கள் பயன்படுத்திய விதம் சாமானியமானதன்று. உயரம் குறைந்த நடிகர்களுக்குப் பஸ்டர் வேடமிட்டு, பழக்கப்படுத்திய நாயோடு ஊர் ஊராக அனுப்பி, வாடகைக்கு எடுத்த அரங்குகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் ஷூக் கடைகளிலும் நிகழ்ச்சி நடத்தினார்கள். இந்தச் சுற்றுப்பயணங்கள் பல ஆண்டுகள் நடந்தன. ஷூவின் உள்ளே, குதிகால் படும் இடத்தில், சிறுவனும் நாயும் இருக்கும் படத்தை அச்சிட்டார்கள். ஷூவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துக் குழந்தை சிரிக்க வேண்டும் என்பதற்காக ஷூவுக்குள் படம் போட்ட அந்த யோசனை இன்றுவரை இந்தத் தொழிலில் வாழ்கிறது; அதன் இன்னொரு முகத்தைப் பிறகு சொல்கிறேன்.

பஸ்டரின் பெயர் நிறுவனத்தின் முத்திரையாகிவிட, வார் வைத்த ஷூவோடு ஒட்டிக்கொண்டது மேரி ஜேனின் பெயர். ஒரு காலத்தில் அது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயராகவே இருந்தது. காலப்போக்கில் எல்லோரும் எல்லா நிறுவனத்தின் ஷூவுக்கும் சொல்லும் பொதுப்பெயராக மாறிவிட்டது. கதையில் அந்த ஷூவைப் போட்டவர்கள் இருவர். ஊரில் நிலைத்தது சிறுமியின் பெயர் மட்டும். ஆயினும் அன்றைய அமெரிக்காவில் சின்னப் பையன்கள் இந்த ஷூவைப் போட்டுத்தான் திரிந்தார்கள். யாரும் அதை விநோதமாகப் பார்க்கவில்லை.

மாற்றம் 1920-களில் தொடங்கி 1930-களில் முற்றியது. 1920-களில் பெண்களின் பாவாடை விளிம்பு மேலேறியதால் காலணி வெளியே தெரியத் தொடங்கியது. சார்ல்ஸ்டன் போன்ற துள்ளல் நடனங்களில் கழன்று பறக்காத காலணி வேண்டியிருந்தது. ஆகவே இளம்பெண்கள் குழந்தைகளின் வாரை எடுத்து உயரக் குதிகால் வைத்த தங்கள் ஷூவில் பொருத்திக்கொண்டார்கள். அந்த வடிவம் பெண்மையோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது அப்போதுதான் தொடங்கியது என்று நான் கருதுகிறேன். அடுத்த பத்தாண்டில் ஷர்லி டெம்பிள் வந்தார். 1928-இல் பிறந்த அந்தக் குழந்தை நட்சத்திரம் 1935 முதல் 1938 வரை அமெரிக்கத் திரையரங்குகளின் வசூலில் முதலிடத்தில் இருந்தவர். சுருள் முடி, குட்டை கவுன், குட்டைக் காலுறை, பளபளக்கும் வார் ஷூ என்ற அவருடைய தோற்றம் 'சிறுமி என்றால் இப்படித்தான்' என்று ஒரு தலைமுறைத் தாய்மார்களின் மனத்தில் பதிந்துவிட்டது. அதே காலத்தில் பையன்கள் கயிறு கட்டும் ஷூவுக்கும், 1916, 1917-இல் கெட்ஸ், கான்வெர்ஸ் ஆகிய பெயர்களில் சந்தைக்கு வந்த ரப்பர் அடி கான்வாஸ் ஷூக்களுக்கும் நகர்ந்திருந்தார்கள். 1940-களுக்குள் அமெரிக்காவில் வார் ஷூ பெரும்பாலும் பெண்பிள்ளைகளுடையதாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பாட்டி சொல்வது அந்தத் தீர்ப்பைத்தான். வயது கணக்குப் பார்த்தால் அது அவரைவிடச் சிறிதளவே மூத்தது.

அந்தத் தீர்ப்பு ஷூவின் உடலையே மாற்றியது என்பதுதான் என் தொழிலில் நான் கண்ட உண்மை. பெண்பிள்ளை ஷூ என்று ஆனதும் அதன்மேல் பளபளப்பு ஏறியது. பேட்டன்ட் லெதர் என்ற கண்ணாடித் தோலை அமெரிக்காவில் 1819-இல் நியூவர்க் நகரத்து சேத் பாய்டன் தயாரிக்கத் தொடங்கினார். ஆளி விதை எண்ணெயில் காய்ச்சிய வார்னிஷைத் தோலின்மேல் படலம் படலமாகப் பூசுவது அன்றைய முறை. இன்று அந்த இடத்தில் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டப்படுகிறது. பார்க்க அழகு, ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆனால் விரல்கள் மடங்கும் இடத்தில் அந்தப் படலம் முதலில் வரி விழுந்து, பிறகு உரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் மட்டும் போடும் ஷூவாக இருந்தவரை அது குறையாகத் தெரியவில்லை. தினமும் பள்ளிக்குப் போட்டு ஓடும் ஷூவிலும் அதே அலங்கார மனப்பான்மை நுழைந்தபோதுதான் கேடு வந்தது.

என் மேசையில் ஒரே பருவத்துக்கான இரண்டு மாதிரிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒரே வயது, ஒரே அளவு. பையனுக்கானதில் அடி தடிமன், விரல் முனையில் தேய்மானம் தாங்க இன்னொரு துண்டு, புறங்கால் முழுக்க மூடல். சிறுமிக்கானதில் மெல்லிய அடி. முன்வாய், அதாவது திறப்பின் முன்விளிம்பு, ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்து தாழ்ந்து விரல்களின் வேர்வரை வந்துவிட்டது. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் ஆர்டரில் வாரையே விரல் பக்கம் தள்ளி, பக்கிளை வெறும் அலங்காரமாகத் தைக்கச் சொன்னார்கள். வார் அங்கே போனால் அது காலைப் பிடிக்காது, குதிகால் ஒவ்வோர் அடிக்கும் வெளியே வரும் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். 'இந்த ஆண்டு இதுதான் விற்கும்' என்று பதில் வந்தது. வெட்டிக் கொடுத்தோம். அந்தச் சிறு ஷூக்கள் பெட்டியில் அடுக்கப்பட்டுப் போனதைப் பார்த்தபோது எனக்கு இருந்த மன வேதனை இன்றும் மாறவில்லை.

இந்த வேறுபாடு ஊரறிய வெடித்தது 2017 ஆகஸ்ட் மாதத்தில். பிரிட்டனின் கிளார்க்ஸ் நிறுவனம் பள்ளிச் சிறுமிகளுக்கு 'டாலி பேப்' என்ற பெயரில் ஒரு ஷூவும், பையன்களுக்கு 'லீடர்' என்ற பெயரில் ஒரு ஷூவும் விற்றுக்கொண்டிருந்தது. ஒன்றுக்குப் பெயர் பொம்மை, மற்றொன்றுக்குப் பெயர் தலைவன். சிறுமியின் ஷூவுக்குள் இதய வடிவம். பையனின் ஷூவுக்குள் கால்பந்து. நூறாண்டுக்கு முன் பஸ்டரையும் நாயையும் ஷூவுக்குள் அச்சிட்ட அதே இடத்தில்தான் இவையும் அச்சிடப்பட்டன. பஸ்டரின் படத்தைப் பார்த்துப் பையனும் பெண்ணும் ஒன்றாகச் சிரித்தார்கள் என்பதுதான் வேறுபாடு. பெயரைவிடப் பெற்றோரை அதிகம் கொதிக்க வைத்தது, சிறுமிகளின் ஷூ மழைக்கும் விளையாட்டுக்கும் தாங்காதபடி மெலிதாகவும் திறந்தும் இருந்தது. ஸ்காட்லாந்தின் அன்றைய முதலமைச்சர் நிகோலா ஸ்டர்ஜன்வரை கண்டித்தார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்த ஷூவை விற்பனையிலிருந்து எடுத்தது. தவறு வார் ஷூவின் வடிவத்தில் இல்லை. பெண் குழந்தை ஓடமாட்டாள் என்று முடிவுகட்டி அதை வெட்டியதில்தான் இருந்தது.

இனி, பெரியவர்கள் ஏன் தேடுகிறார்கள் என்பது. இந்த ஷூ குழந்தைகளின் காலிலிருந்து விலகும்தோறும் பெரியவர்களின் காலில் ஏறியிருக்கிறது. 1960-களில் லண்டனில் ஆடை வடிவமைப்பாளர் மேரி குவான்ட்டின் குட்டைப் பாவாடையும் மாடல் அழகி ட்விக்கியின் மெலிந்த உருவமும் ஃபேஷனானபோது, சிறுமித் தோற்றத்தை முழுமையாக்கத் தட்டையான வார் ஷூ வந்தது. 1990-களில் கர்ட்னி லவ் போன்ற ராக் பாடகியர் கிழிந்த குட்டை கவுனோடு இதே ஷூவை மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். 'நல்ல பிள்ளை' உடையை வேண்டுமென்றே எதிர்ப்புக்குப் பயன்படுத்திய செயல் அது. இந்த 2020-களில் பாலே நடனக் காலணியைப் பின்பற்றிய மெல்லிய தட்டை ஷூக்கள் திரும்பி வந்தபோது, அவற்றோடு சேர்ந்து வாரும் வந்தது. ஒவ்வொரு முறையும் வாங்குகிறவர்கள் தங்கள் பள்ளிப் பருவத்தின் நினைவைச் சேர்த்தே வாங்குகிறார்கள் என்பதால் இந்த ஷூ முற்றாக மறைவதில்லை. உங்கள் கடைக்காரர் 'மேரி ஜேன்' என்ற பெயரைச் சொன்னதும் இந்த அலையால்தான். நம்மூரில் நெடுங்காலமாக அதற்குப் பெயர் பக்கிள் ஷூ.

நம் நாட்டுக்கு இது ஆங்கிலேயப் பாணிப் பள்ளிச் சீருடையோடு வந்தது. 1930-களில் கல்கத்தா அருகே காலூன்றிய பாட்டா போன்ற நிறுவனங்கள் பள்ளி ஷூவைப் பெருமளவில் செய்து சிற்றூர்க் கடைவரை கொண்டு சேர்த்தன. பையனுக்குக் கயிறு, பெண்ணுக்குப் பக்கிள், விளையாட்டுப் பாட நாளில் இருவருக்கும் வெள்ளைக் கான்வாஸ் என்ற பிரிவு அப்படியே நிலைத்தது. அமெரிக்காவில் பெரும்பாலும் விருந்துக்குரியதாக ஒதுங்கிய ஷூ, இங்கே ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது லட்சக்கணக்கான சிறுமிகளின் அன்றாடக் காலணியாக உயிரோடு இருந்தது. இப்போது இங்கும் அது தளர்கிறது. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்த வேல்க்ரோ என்ற ஒட்டிப் பிரிக்கும் பட்டை, பக்கிளின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டது. பல பள்ளிகள் இருபாலருக்கும் ஒரே கறுப்பு ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு மாறிவிட்டன. பக்கிள் போனதில் எனக்கு வருத்தமில்லை. வேல்க்ரோ நன்றாகவே பிடிக்கிறது, மண் ஏறினால் பழைய பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். வார் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதே முக்கியம்.

அதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். வார், கணுக்கால் மடிப்புக்குச் சற்று முன்னால், புறங்காலின் மேட்டுக்குமேல் வர வேண்டும். மகளை நிற்க வைத்து, நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகல இடம் இருக்கிறதா பாருங்கள். ஆங்கில அளவில் ஒரு சைஸ் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர், 'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்று இரண்டு சைஸ் கூட்டி வாங்கினால் ஷூ மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் வேறு வேறாகிவிடும், எந்த வாராலும் அதைச் சரிசெய்ய முடியாது. குதிகால் பின்புறத்தை இரு விரலால் அழுத்தினால் உள்ளே குழியக் கூடாது. முன்பகுதியைக் கையால் மடக்கினால் விரல் வேரில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. விரல் வேர் வெளியே தெரியும் அளவுக்கு முன்வாய் தாழ்ந்திருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பறைக்குள் அணியும் உவாபாகி என்ற வெள்ளைக் காலணியில் பெரும்பாலும் புறங்காலின் குறுக்கே ஒற்றை எலாஸ்டிக் வார்தான் இருக்கும். பையன்களும் பெண்களும் அதையே போடுகிறார்கள். பிரிட்டன் அரச குடும்பத்தில் 2015 ஜூலையில் நடந்த சார்லட்டின் ஞானஸ்நானத்துக்கு, இரண்டு வயதை எட்டவிருந்த அண்ணன் ஜார்ஜ் வார் ஷூ போட்டுத்தான் வந்தான். ஆகவே பையன் வார் ஷூ போடக் கூடாது என்பதற்கு வழக்கத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது என்று பாட்டியிடம் பணிவோடு சொல்லலாம்.

ஆனால் அக்காவின் பழைய ஷூவை மட்டும் அவனுக்குப் போடாதீர்கள். அதன் உட்தளத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள்: ஐந்து விரல்களும் குதிகாலும் அழுந்திய கறுத்த பள்ளங்கள் தெரியும், அடியின் ஒரு விளிம்பு மற்றதைவிட அதிகம் தேய்ந்திருக்கும், குதிகால் சுவர் அவள் நடந்த பக்கமாகச் சாய்ந்திருக்கும். அது அவளுடைய காலின் அச்சு; அதற்குள் அவன் பாதம் தினமும் சாய்ந்து நடக்கப் பழகிவிடும். அளவெடுத்து, அவன் கேட்கும் அதே வார் வைத்ததாக, புதிதாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.